கூட்டிப் போட்ட ஐந்து சென்டிமீட்டர்

பிஸ்கட் டின்னுக்குள் கையை விட்டு நான் எடுத்த சீட்டில் பதினான்கு என்று இருந்தது. எனக்கு முன்னால் எடுத்த என் வீட்டுக்காரருக்குப் பதினாறு. நடுவில் பதினைந்தாம் குச்சி பேக்கரிக்காரருக்கு விழுந்தது.

"புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல நானா? வேற சீட்டு குடுங்கய்யா, புண்ணியமாப் போகும்," என்றார் அவர்.

"சண்டை வந்தா விலக்கிவிட ஒரு ஆள் வேணுமில்ல. போய் நில்லுங்க," என்றார் விசில்.

விசில் எங்கள் தூண்டில் சங்கத்தின் செயலாளர். ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர். கழுத்தில் விசில் தொங்காமல் அவரை யாரும் பார்த்ததில்லை. தூங்கும்போதும் போட்டிருப்பார் என்று அவர் மனைவியே சொல்லியிருக்கிறார். சங்கத்தில் எனக்குப் பெயர் ஊசி. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பதால் வந்தது. என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் அவர் கண்ணாடி. தலைவருக்கு மட்டும் பட்டப்பெயர் கிடையாது. வைக்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை. அவர் என் வீட்டுக்காரரின் அண்ணன். எனக்கு மாமா.

அன்றைக்கு நடந்தது வெறும் நட்புப் போட்டிதான். காலை எட்டு மணியிலிருந்து ஒரு மணி வரை, இருபது பேர், அவரவர் இடத்தைக் குறிக்கக் கரையோரம் இருபது குச்சி. பிடித்த மீனை அளந்து, அடுத்த குச்சிக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, உயிரோடு கடலில் விட்டுவிட வேண்டும். பெரிய மீனுக்கு ஒரு கோப்பை உண்டு. அதில் டீ ஊற்றினால் ஒரு ஆளுக்குப் போதாது.

ஆனால் நான் அந்தக் கோப்பைக்காக வரவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால், கடையைப் பூட்டிவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டே என் வீட்டுக்காரர் சொன்னார். "இந்த சீசனோட சங்கத்துலேருந்து விலகிடலாம்னு இருக்கேன். முதுகு வலி தாங்கல. ஞாயித்துக்கிழமையாவது தூங்கலாம்."

"அப்போ நான்?"

"நீயும்தான். நான் இல்லாம நீ அங்க தனியா என்ன பண்ணப்போற?"

அவர் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. துண்டை எடுத்துக் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

என்னிடம் இருப்பது 'குடும்ப உறுப்பினர்' அட்டை. அவர் விலகினால் அந்த அட்டையும் செத்துப்போகும். முழு உறுப்பினர் இடம் மொத்தம் நாற்பது. காத்திருப்போர் பட்டியலில் அறுபத்து மூன்று பேர். ஊரில் மீதிக் கரை முழுக்கத் துறைமுகத்து வேலிக்குள் இருக்கிறது. சங்கத்தின் கரையை விட்டால் தூண்டில் போட வேறு இடமில்லை.

ஒரே ஒரு வழி இருந்தது. ஒன்பதாம் விதி. இந்தக் கரையில் இதுவரை பிடித்த மீன்களில் பெரியது எதுவோ, அதைத் தாண்டி ஒரு மீனைப் பிடிப்பவருக்கு, நாற்பது பேருக்கு மேலேயும் ஓர் இடம் கொடுக்க வேண்டும்.

ஒரு தூண்டிலுக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். வாரத்தில் ஆறு நாள் காலை ஏழு மணிக்கு நான் ஊசியைக் கையில் எடுக்கிறேன். நீட்டுகிற கைகளெல்லாம் என்னைப் பார்த்துப் பயப்படுகின்றன. வீட்டுக்கு வந்தால் அது எங்கே, இது எங்கே என்று கேள்விகள். ஞாயிற்றுக்கிழமை அந்த ஐந்து மணி நேரம் மட்டும் என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. முதல் நான்கு வருஷம் அவருக்கு டீ ஃபிளாஸ்க் தூக்கிக்கொண்டு கூடவே போனேன். ஐந்தாம் வருஷம் ஒருநாள், "கொஞ்சம் பிடிச்சுக்கோ, வந்துடறேன்" என்று தூண்டில் கம்பை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து கேட்டபோது நான் கொடுக்கவில்லை. அடுத்த வாரமே எனக்கென்று ஒன்று வாங்கிக்கொண்டேன்.

விசில் ஊதியாயிற்று. பதினொரு மணி வரை எனக்குக் கிடைத்தது இரண்டு கீளி மீன், அதுவும் உள்ளங்கை நீளம். பேக்கரிக்காரருக்குப் பாசிதான் வந்துகொண்டிருந்தது.

"என்ன அண்ணே, கேக்குக்கு மேல வைக்கவா?" என்றேன்.

"சிரி, சிரி. நாளைக்கு உன் லேபுக்கு வர்றேன். ரத்தம் எடுக்கும்போது நடுங்காம எடு, அது போதும்."

தண்ணீர் ஏற ஆரம்பித்திருந்தது. கரையிலிருந்து ஐம்பதடி தூரத்தில் அலை ஓரிடத்தில் மட்டும் உடையாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. அங்கே அடியில் பள்ளம் இருக்கிறது என்று அர்த்தம். எல்லோரும் அதைத் தாண்டித் தூரத்தில் வீசிக்கொண்டிருந்தார்கள். நான் ஈயக்குண்டைச் சின்னதாக மாற்றி, கணவாய்த் துண்டைக் கோத்து, அந்தப் பள்ளத்திலேயே போட்டேன்.

தூண்டில் நரம்பு முதலில் தளர்ந்தது. பெரிய மீன் இரையை எடுத்துக்கொண்டு நம் பக்கமாக வந்தால் அப்படித்தான் ஆகும். நான் சுற்றினேன், சுற்றினேன். கம்பு திடீரென்று குனிந்தது. அதற்கப்புறம் இருபது நிமிஷம் என்ன நடந்தது என்று என் தோளைத்தான் கேட்க வேண்டும். கொடுவா மீன் ஒருமுறை தண்ணீருக்கு மேலே எழும்பித் தலையை உதறியபோது பேக்கரிக்காரர் தன் கம்பைக் கீழே போட்டுவிட்டு, "விடாதே, விடாதே! இறுக்காதே! ஐயோ, இறுக்காதே!" என்று என்னைச் சுற்றிச் சுற்றி ஓடினார்.

ஈரத்துணி விரித்த அளவுப் பலகையில் அதைக் கிடத்தினோம். மூக்கு பலகையின் முனையைத் தொட வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், வாலை இழுக்கக் கூடாது. பேக்கரிக்காரர் மாவை நிறுத்துப் பழகியவர். இரண்டு தடவை குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் வாடியிருந்தது.

"அறுபத்தொம்பது."

நானும் பார்த்தேன். அறுபத்தொன்பதுதான். ஒரு நூல்கூட ஏறவில்லை.

"எழுபத்தொண்ணைத் தாண்டணுமே ஊசி," என்றார் மெதுவாக. "ரெண்டு சென்டிமீட்டர்ல போச்சே. யாரோட ரெக்கார்டுன்னு பாரு. உன் வீட்டுக்காரரோடதே!"

அட்டையில் 69 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மீனை இடுப்பளவு தண்ணீருக்குக் கொண்டுபோய்த் தலையை அலைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது செவுளைத் திறந்து மூடி, திறந்து மூடி, ஒரு உதறலில் போய்விட்டது.

அந்த எழுபத்தொன்றைப் பற்றி எனக்குத் தெரிந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பதினொரு வருஷத்துக்கு முன்னால், எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. அன்றைக்குச் சங்கத்தின் சாதனைப் பலகையில் முதல் இடத்தில் இருந்தது மாமா பிடித்த மீன், அறுபத்தெட்டு. என் வீட்டுக்காரர் சின்ன வயதிலிருந்தே எதிலும் அண்ணனுக்குப் பின்னால்தான். படிப்பில், வீட்டில், வெளியில். அன்றைக்கு அவருக்கு ஒரு கொடுவா மாட்டியது. கை நடுங்க அளந்தார். அறுபத்தாறு. அளவுப் பலகையைப் பார்த்துக்கொண்டே மண்டி போட்டு உட்கார்ந்திருந்தார். பிறந்தநாளுக்குப் பொம்மை வாங்கித் தருவதாகச் சொல்லி ஏமாற்றப்பட்ட குழந்தையின் முகம்.

சாட்சி அட்டை என் கையில் இருந்தது. அப்போது குடும்பத்தார் சாட்சி போடலாம். நான் 71 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக இன்னும் பத்து சென்டிமீட்டர் கேட்டிருந்தாலும் கூட்டிப் போட்டிருப்பேன். எனக்கு அப்போது அது பொய்யாகவே தோன்றவில்லை. புதுப் பெண்டாட்டி புருஷனுக்குக் கொடுக்கிற பரிசு மாதிரி இருந்தது.

ஆக, நிஜக் கணக்கில் இந்தக் கரையின் பெரிய மீனை நான் இப்போதுதான் கடலில் விட்டேன். அதற்கு மேலே நின்றது நான் எழுதிய எழுத்து.

ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டு பதினாறாம் குச்சிக்குப் போனேன். அவர் இரை மாற்றிக்கொண்டிருந்தார்.

"நல்ல மீன்," என்றார் நிமிராமல். "பேக்கரிக்காரர் சொன்னார். பாவம், கொஞ்சத்துல விட்டுட்ட."

"என்னங்க, மாமாகிட்ட சொல்லிடுங்க."

"என்னன்னு?"

"உங்க மீன் அறுபத்தாறுன்னு."

இறாலைக் கோத்துக்கொண்டிருந்த விரல் நின்றது. பிறகு மறுபடி கோத்தது. "எந்த மீன்?"

"நமக்குள்ள எதுக்குங்க இது?"

"பதினோரு வருஷமா அது எழுபத்தொண்ணு. எழுதினது யாரு? நீ. கையெழுத்து யாரோடது? உன்னோடது. நான் எழுதச் சொன்னேனா?"

உண்மைதான். சொல்லவில்லை. நான் தலையாட்டினேன்.

"நான்தான் எழுதினேன். உங்களுக்காக."

"குடுத்துட்டு இப்போ திருப்பிக் கேக்குறியா?"

"உங்களுக்கு இனிமே இந்த இடம் வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க. போறவருக்கு அது எதுக்கு? எனக்கு இங்க வரணும். வேற ஒண்ணும் நான் உங்ககிட்ட கேட்டதில்ல."

"போறவனுக்குத்தான் வேணும்," என்றார். "நான் போனப்புறம் இங்க எனக்குன்னு மிச்சம் இருக்கப்போறது அந்த ஒரு வரிதான். அதையும் அழிச்சுட்டு, அண்ணன் முன்னாடி கையைக் கட்டிக்கிட்டு நிக்கணுமா? நாளைக்கு எவன் என் கடைக்கு வருவான்? மீனையே கூட்டிச் சொன்னவன், கண்ணு பவரைக் கூட்ட மாட்டானான்னு கேப்பான்."

"சரி. நீங்க சொல்ல வேண்டாம். நான் சொல்றேன்."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். கோபமே இல்லை. கடைக்கு வருகிறவர்களிடம் விலை சொல்கிற நிதானம் இருந்தது.

"சொல்லேன். பதினேழாம் விதி என்னன்னு தெரியுமில்ல? பொய்ச் சாட்சி போட்டவங்க ஆயுசுக்கும் இந்தக் கரையில கால் வைக்க முடியாது. முதல்ல வெளிய போறது நீதான்."

எனக்கு வலித்தது அந்த விதி இல்லை. அது சங்கக் கட்டடத்துச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது, எனக்கு மனப்பாடம். வலித்தது, அவர் இதை முன்பே யோசித்து வைத்திருந்தார் என்பது. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. என் கையில் கம்பு வந்த வருஷத்திலிருந்தே இருக்கலாம்.

ஒரு மணிக்கு விசில் ஊதினார். எல்லோரும் சங்கக் கட்டடத்துக்குள் போனோம். ஒற்றை அறை. ஈர ரப்பர் செருப்பும் கணவாயும் சேர்ந்த வாசனை. சுவரில் பச்சைப் பலகை. மேலே வெள்ளை எழுத்தில் என் வீட்டுக்காரரின் பெயர், 71. அடியில் மாமாவின் பெயர், 68. பேக்கரிக்காரர் கொண்டுவந்த பன்களைத் தட்டில் அடுக்கியிருந்தார்கள்.

கோப்பையை எனக்குத்தான் கொடுத்தார்கள். கை தட்டினார்கள். அதற்கப்புறம் தலைவர் எழுந்து, தன் தம்பி சங்கத்தை விட்டுப் போவதைச் சொல்லி, ஒரு சுவர்க் கடிகாரத்தைப் பரிசாகக் கொடுத்தார். "போனாலும் இவன் பேரு இங்கதான் இருக்கும்," என்று பலகையைக் காட்டினார்.

என் வீட்டுக்காரர் கடிகாரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பேசினார். "இன்னிக்கு என் ரெக்கார்டை உடைக்க வீட்டுக்குள்ளேருந்தே ஆள் கிளம்பிடுச்சு. நல்லவேளை, ரெண்டு சென்டிமீட்டர் காப்பாத்திச்சு. ராத்திரி எனக்குச் சோறு கிடைக்குமான்னுதான் தெரியல!"

அறையே சிரித்தது. விசில் சிரித்துச் சிரித்து இருமினார். என் வீட்டுக்காரரும் சிரித்தார். அந்தச் சிரிப்புதான். பதினொரு வருஷத்துக்கு முன்னால் நான் ஐந்து சென்டிமீட்டர் கொடுத்து வாங்கின அதே சிரிப்பு. இப்போது அதை என்னை வைத்தே சிரித்தார்.

மேஜை மேல் மீன் பதிவேடு இருந்தது. சாட்சி அட்டைகளையெல்லாம் வருஷவாரியாக அதில்தான் ஒட்டி வைப்பார்கள். நான் போய் அதைப் புரட்டினேன். எனக்குப் பக்கம் தேட வேண்டியிருக்கவில்லை. என் பழைய கையெழுத்து உருண்டை உருண்டையாக இருந்தது. என் வீட்டுக்காரர் பெயரின் முதல் எழுத்தை அப்போதுதான் புதிதாக என் பெயருக்கு முன்னால் போட ஆரம்பித்திருந்தேன். அதை மட்டும் பெரிதாக, ஆசையாக எழுதியிருந்தேன்.

"என்னம்மா தேடுற?" என்றார் விசில்.

"பேனா குடுங்க சார்."

71ஐ ஒரே கோடாக அடித்தேன். பக்கத்தில் 66 என்று எழுதினேன். 'அன்று அளந்தது இதுதான். தவறாக எழுதியது நான்' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டேன். அதை விசில் பக்கமாகத் திருப்பி வைத்தேன்.

விசில் படித்தார். படித்ததை யாருக்கும் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்து ஒவ்வொருவராக மேஜைக்கு வந்தார்கள். பன் மெல்லுகிற சத்தம் நின்றது. பேக்கரிக்காரர் மட்டும், "அப்போ அறுபத்தொம்பதுதான் பெரிசு!" என்று சந்தோஷமாக ஆரம்பித்து, சுற்றிப் பார்த்து, பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

"இதுக்குப் பதினேழாம் விதி இருக்கும்மா," என்றார் விசில் தாழ்ந்த குரலில். "தெரிஞ்சுதானே எழுதின?"

"தெரியும் சார்."

என் வீட்டுக்காரர் கடிகாரத்தைக் கீழே வைக்கவே இல்லை. அதோடு வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார்.

நான் என் கம்பைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தபோது மாமா படியில் வந்து நின்றார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்மா," என்றார்.

நான் நிமிர்ந்தேன்.

"அந்த மீனைத் தண்ணியில விட்டது நான்தான், ஞாபகம் இருக்கா? அவன் கை நடுங்குதுன்னு நான் வாங்கிட்டுப் போனேன். என் மீனு எவ்வளவுன்னு என் கைக்குத் தெரியும். இது அதைவிடச் சின்னது."

"ஏன் மாமா சொல்லல?"

"அவன் சிரிச்சான். எங்க வீட்டுல அவன் அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல. நீயும் அவனைப் பார்த்துக்கிட்டே நின்ன. சரி, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன். அடுத்த வருஷம், வீட்டு ஆளுங்க சாட்சி போடக்கூடாதுன்னு விதி கொண்டுவந்தேன். என்னால முடிஞ்சது அவ்வளவுதான்."

ஆக அந்தச் சிரிப்புக்கு நான் மட்டும் கொடுக்கவில்லை. இவரும் கொடுத்திருக்கிறார். வாங்கிக்கொண்டவர் காரில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

"இப்போ உங்களால என்ன முடியும் மாமா?"

கேட்டிருக்கக் கூடாது. அவர் கடலைப் பார்த்தார். "போன வருஷம் ஒரு சென்டிமீட்டர் கூட்டிப் போட்டதுக்கு அந்த பஸ் டிரைவரை வெளிய அனுப்பினேன். அவன் பெஞ்சாதி வந்து என் வீட்டு வாசல்ல அழுதா. தம்பி பொண்டாட்டிக்கு ஒரு நியாயம்னா, அவளுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"சொல்ல முடியாது," என்றேன்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம், இரண்டாகக் கழற்றிய இரண்டு கம்புகளும் எப்போதும் போலவே எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தன. மூன்றாவது சிக்னலில் அவர் வாயைத் திறந்தார்.

"இப்போ சந்தோஷமா? எனக்கும் இல்லாம, உனக்கும் இல்லாமப் பண்ணிட்ட."

"உங்களுக்குத்தான் முதுகு வலியாச்சே."

அன்று ராத்திரி சோறு போட்டேன். சாப்பிட்டார்.

வியாழக்கிழமை சங்கத்திலிருந்து ஒரு உறை வந்தது. உள்ளே இரண்டு தாள். விசில் எதையும் முறைப்படி செய்கிற மனிதர். முதல் தாளில், ஒன்பதாம் விதியின்படி என்னை முழு உறுப்பினராக ஏற்றுக்கொள்வதில் சங்கம் மகிழ்ச்சி அடைகிறது என்று இருந்தது. இரண்டாவது தாளில், பதினேழாம் விதியின்படி இன்றிலிருந்து நான் சங்கத்தின் கரையில் நுழையக் கூடாது என்று இருந்தது. இரண்டிலும் ஒரே தேதி. பின்னால் பென்சிலில், 'பலகையில் உங்கள் பெயரை மேலே எழுதியாகிவிட்டது. எழுத்து நன்றாக வந்திருக்கிறது' என்று கிறுக்கியிருந்தார்.

என் வீட்டுக்காரர் இரண்டையும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார், போட்டுக்கொண்டும் படித்தார். மடித்து வைத்தார். "இதுக்குத்தானா?" என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு எனக்கு விழிப்பு வந்துவிட்டது. பழக்கம். கையும் பழக்கத்தில் டீ போட்டு ஃபிளாஸ்க்கில் ஊற்றி மூடிவிட்டது. மூடின பிறகுதான் எங்கேயும் போக வேண்டியதில்லை என்று தோன்றியது. சமையலறை ஜன்னல் பக்கம் முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்துக்குத் தண்ணீர் ஏற ஆரம்பித்திருக்கும். பதினான்காம் குச்சிக்கு எதிரே பள்ளம் இருக்கிறது என்று யாருக்காவது சொல்லியிருக்கலாம்.

ஒன்பதரை மணிக்கு அவர் எழுந்து வந்தார். நன்றாகத் தூங்கிய முகம். வாசலில் நின்று என்னைப் பார்த்தார். புதுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"டீ இருக்கா?"

"ஃபிளாஸ்க்ல இருக்கு," என்றேன், திரும்பாமல். "ஊத்திக்கோங்க."

டம்ளர் எந்த அலமாரியில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லவில்லை.